ஒருமை இல்லாத திருவிழா

கோர்னியாவிலிருந்து,
மலைத் திருவிழா இரண்டாம் தடவையும் முடிந்த மறுநாள்.

ஹிஸ்பானியாவின் தாராக்கோ துறைமுகத்தில் மீன்சாற்று ஜாடிகளுக்கு நடுவே குடித்தனம் நடத்தும் என் பெரியக்கா ருப்ரியாவுக்கு, கடைசி ருப்ரியா எழுதுவது. நீயும் மாமாவும் சுகமாக இருந்தால் எங்களுக்கும் சுகம். நான் சுகமாக இருக்கிறேன் என்பதைப் பக்கத்து வீட்டு வாத்துகளைக் கேட்டாலே சொல்லும். என்னைக் கண்டால் அவை இன்னும் ஓடுகின்றன.

இந்தச் சுருளை உன் கையில் கொடுத்துவிட்டு, உட்காருவதா போவதா என்று தெரியாமல் உன் கதவின் கீலையே பார்த்துக்கொண்டிருப்பாரே ஓர் ஒல்லி மனிதர், அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் அவுலுஸ் வெசோனியுஸ். நம் நடு ருப்ரியாவின் கணவர். ஆமாம் அக்கா, கணவர்! கல்யாணமே நடந்துவிட்டது. நீ பாதிக் கடலில் இருந்திருந்தால்கூடத் திரும்பி வந்திருப்பாய், ஆனால் உனக்குச் சொல்லி அனுப்ப நேரமே இல்லை. ஏன் நேரமில்லை என்பதுதான் இந்தக் கடிதம். அத்தான் கீலைப் பார்ப்பது கூச்சத்தினால் என்று நினைத்துவிடாதே. 'கீல்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார். உள்ளே இருப்பதெல்லாம் அவர் கதை. படித்தால் பிழை திருத்தத் தொடங்கிவிடுவார்.

குழப்பம் வராமலிருக்க, சின்னக்கா என்று எழுதினால் நடு ருப்ரியா. நான் என்றால் நான். அப்பா தன் பெயரின் வாலை மட்டும் திருகி மூன்று பெண்களுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டார். உழவு மாடுகளுக்கு மட்டும் மூளையைக் கசக்கி ஆளுக்கொரு பெயர்.

அத்தான் நம் வீட்டுக்கு முதலில் வந்தது பெண் பார்க்க அல்ல, ஊர் பார்க்க. நாட்டை ஆண்டு படையும் நடத்தும் கான்சலிடம் எழுத்தர் வேலை அவருக்கு. மலைத் திருவிழாவன்று ஆல்பா மலையில் பலியிடும் வெள்ளைக் காளையின் இறைச்சியில் பங்கு வாங்க உரிமையுள்ள லத்தீன் ஊர்களில் எவையெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பார்த்துவர அவரை அனுப்பியிருந்தார்கள். போன அறுவடை முடிந்த சமயம். நீ போன பிறகு நம் ஊர் இன்னும் இளைத்துவிட்டது. புகை எழுவது ஏழெட்டு வீட்டில்தான், மிச்சமெல்லாம் காட்டத்தியும் பல்லியும். அவர் நேராக அப்பாவிடமே வந்து, "ஐயா, இங்க கோர்னியான்னு ஒரு ஊர் இருந்துச்சாமே, எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். ஊர்த்தலைவரிடம்! அப்பா முகம் திராட்சைத் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. "இருந்துச்சா? இப்ப மிதிச்சிக்கிட்டு நிக்கிறியே, அது என்னய்யா, எங்க வீட்டுக் கோழிக்கூடா?" என்றார். அந்த நேரம் அத்தான் கால் வைத்திருந்தது கோழிக்கூட்டின் மேல்தான் என்பது வேறு விஷயம்.

அடிதடி ஆவதற்குள் அம்மா இருவரையும் உட்காரவைத்துக் கோதுமைக் கஞ்சி ஊற்றினாள். கஞ்சி குடிக்கும்போது அப்பா சும்மா இருப்பாரா? மலைத் திருவிழாவின் பெருமையை எடுத்துவிட்டார். திருவிழா, ஓய்வு நாள் எல்லாவற்றுக்கும் நாம் நாள் முழுதும் வாயில் போட்டு மெல்லுகிறோமே, ஃபேரியாய் என்ற அந்தச் சொல், அது ஃபெரீரெ என்பதிலிருந்து, அதாவது பலியை அடித்து வீழ்த்துவதிலிருந்து பிறந்தது என்று ஒரு போடு போட்டார். அத்தானின் கரண்டி நின்றது.

"மன்னிக்கணும் ஐயா. ஃபேரியாய்ல ஏகாரம் நெடில். ஃபெரீரெல எகரம் குறில். நெடிலக் கொண்டுபோய்க் குறில் வீட்டுப் பிள்ளைன்னா அது எப்படிங்க ஒத்துக்கும்?" என்றார். பழைய ஆட்கள் அதை ஃபேசியாய் என்றுதான் சொன்னார்களாம். இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்ட ச ஓசை நாளடைவில் தேய்ந்து ர ஆகிவிட்டதாம். ஃபூரியுஸ் குடும்பத்தார் ஒரு காலத்தில் ஃபூசியுஸ், வலேரியுஸ்கள் வலேசியுஸ்கள். பண்டிகைக் களையைச் சொல்லும் ஃபேஸ்துஸ் இருக்கிறதே, அதுவும் ஃபேரியாயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்; இதில் ச தப்பித்துவிட்டது, அதில் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார்.

அப்பா விடவில்லை. "எங்க அப்பா, அவருக்கு அப்பா, எல்லாரும் காளையை வெட்டித்தான் விழா கொண்டாடுனாங்க. ஒருத்தரும் எழுத்தைத் தேய்ச்சுக் கொண்டாடல" என்றார்.

அப்போதுதான் தறியில் நின்றிருந்த சின்னக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சொல்லுக்கு ஒருமையே இல்லையே, அது ஏன்? ஒரே ஒரு நாள் விழான்னாலும் பன்மையிலதானே சொல்றோம்?" என்று கேட்டாள். அத்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "தெரியலீங்க" என்றார். அக்கா, நம் வீட்டுக் கூரைக்குக் கீழே ஓர் ஆண் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை. சின்னக்கா திரும்பிப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் நெய்ததில் ஓர் இழை தப்பியிருக்கிறது; நான் விரலால் தடவிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வாரச் சந்தை தவறாமல் அத்தான் வந்தார். ஒவ்வொரு தடவையும் அப்பாவை மடக்க ஒரு புது ஆதாரம். ஆதாரம் அப்பாவுக்கு, பார்வை தறிப் பக்கம். ஒரு நாள் சின்னக்காவிடம், ஃபேரியாய் மாதிரியே ஒருமை இல்லாமல் வாழும் சொற்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன என்றும், எல்லாம் பெண்பால், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வால் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொற்கள் என்று அவள் கேட்க, காது சிவக்க, "நூப்தியாய்" என்றார். கல்யாணம்! சுற்றி வளைத்து இலக்கணத்தின் வழியாகப் பெண் கேட்ட முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "நூகாயும் அதே கூட்டம்தானே அத்தான்?" என்றேன். சேட்டைக்கும் ஒருமை கிடையாது அக்கா. ஒரே ஒரு சேட்டை என்று உலகத்தில் எதுவும் இல்லை என்பதை நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓய்வு நாளுக்கு ஒருமை இல்லாததால் ஒரு நாள் மட்டும் எனக்குக் கம்பளி நூற்பதிலிருந்து விடுப்புக் கொடுப்பது இலக்கணப் பிழை என்று அம்மாவிடம் வாதாடினேன். அம்மா, "அகப்பைக்கு ஒருமை இருக்குடி, காட்டட்டுமா?" என்றாள்.

நிச்சயம் ஆனபோது குளிர்காலம், உனக்குச் சொல்லியனுப்பக் கப்பல் ஓடவில்லை. ஏப்ரல் கடைசியில், மேய்ப்பர் விழா தாண்டி ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் குறித்தார்கள். அத்தானுக்குத் தாய் தகப்பன் இல்லை. பக்கத்து ஊரான லனூவியத்தில் இருக்கும் அவருடைய அத்தை வெசோனியாதான் வளர்த்தவர். அந்த அம்மாளுக்கு நம்மிடம் அவ்வளவு பிரியம் இல்லை. அவர் மனத்தில் ஓர் எண்ணெய் வியாபாரியின் மகள் இருந்தாள். "ஊரே பாதி உதிர்ந்து கெடக்கு, பொண்ணு மட்டும் முழுசா இருக்குமா?" என்று யாரிடமோ சொன்னாராம்.

இந்த நேரம் பார்த்து உங்கள் ஹிஸ்பானியாவில் கலகம். கான்சல் உடனே படையோடு புறப்பட வேண்டும். ஆனால் மலைத் திருவிழாவை நடத்திவிடாமல் எந்தக் கான்சலும் போருக்கு நகர முடியாதே! அதனால் விழாவை அவசரமாக முன்னால் இழுத்து அறிவித்துவிட்டார். இழுத்த இழுப்பில் அது நேராகச் சின்னக்கா கல்யாண நாளின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. விழா நாளில் கன்னிப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது. முன்னால் தள்ளலாமென்றால் அங்கே மேய்ப்பர் விழாவும் தானிய விழாவும். பின்னால் தள்ளலாமென்றால் விழாவுக்கு அடுத்த இரண்டு நாளும் ஆகாத நாள். அது முடிந்த காலையில் கான்சலோடு அத்தானும் கப்பலேற வேண்டும். போனால் எத்தனை வருஷமோ. வெசோனியா அம்மாள் இதற்காகவே காத்திருந்த மாதிரி, "அவசரப்படுவானேன்? போய்ட்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்த 'அப்புறம்' என்பதில் எண்ணெய் வாடை அடித்தது.

சின்னக்கா அழவில்லை. தறியில் இருந்த கல்யாண ஆடையைத் தொடர்ந்து நெய்துகொண்டே இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதாலாவது கேலி செய்யலாம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மலையில் ஒரு சின்னத் தப்பு நடந்தால் போதும், விழா செல்லாது. முழுவதையும் முதலிலிருந்து நடத்தியாக வேண்டும். அதுவரை கான்சல் அசைய முடியாது; கான்சல் அசையாவிட்டால் அத்தானும் அசைய மாட்டார். காளையின் வாலில் ஒரு முடிச்சு. அல்லது இறைச்சித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பசித்த நாய். இரண்டுமே எனக்குக் கைவந்த கலை. ஆர்வத்தில் சின்னக்காவிடமே சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏண்டி, சாமி குத்தத்துல பண்ணிக்கிட்ட கல்யாணம் வெளங்குமா? அவர் போற எடம் என்ன விருந்தா?" என்றாள். என் காதைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்படித் தெய்வத்தின் முன் நிறுத்தி, உப்பைத் தீயில் போட்டு, மலைத் தோப்புக்குள் நுழைந்தது முதல் வெளியே வரும்வரை எதையும் தொட மாட்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். "மீறினா அது என் தலையிலதான் விடியும்" என்றாள். என் தலை என்றால் மீறியிருப்பேன். அவள் தலை என்றதால் மாட்டிக்கொண்டேன்.

ஆகவே அக்கா, மலைக்கு நான் போனது ஊமையாக. நம் ஊர்க் காணிக்கையான பாலாடைக்கட்டியை நான்தான் சுமந்தேன். அதன் ஓரத்தில் ஒரு கடி இருந்ததற்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்லை. அப்போது நாங்கள் தோப்பை அடைந்திருக்கவில்லை.

மலை உச்சி உனக்குத் தெரியும். ஊருக்கொரு கூடாரம், பால் குடங்கள், புகை, ஆட்டுக்குட்டிகளின் கத்தல். ஓக் மரங்களில் எல்லாம் ஊஞ்சல். ஆண்கள் ஆளுக்கு ஒரு தடவையாவது ஆடியாக வேண்டுமே, அப்பாவும் வெள்ளை மேலாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மருமகனாக வர இருந்தவர் மரியாதைக்காகத் தள்ளிவிட்டார். அங்கேதான் வினை. காளையை வெட்டி முடித்து, குடலைப் பார்த்து, இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் பார்த்து, "இப்ப சொல்லுங்க மாப்பிள்ள, வெட்டாம விழாவா?" என்று தொடங்கிவிட்டார். ஊஞ்சல் முன்னே போகும்போது ஃபெரீரெ; பின்னே வரும்போது ஃபேசியாய். "குறில்னா என்ன, வளர வளர நெடில் ஆகாதா? புள்ளைங்க வளர்றதில்ல?" என்று காற்றிலிருந்து அப்பா கத்துகிறார். "அப்ப ஃபெரீரெ ஏன் மாமா வளரல?" என்று கீழிருந்து அத்தான் கத்துகிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் அப்பா கட்சி, சிலர் அத்தான் கட்சி. ஊஞ்சலின் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

இதற்கிடையே பலிபீடத்தண்டை ஊர்ப் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பெயர் சொன்னதும் அந்தந்த ஊர்த் தலைவர் போய்ப் பங்கு வாங்க வேண்டும். நம்முடையது கடைசியில் வருவது. "கோர்னியா!" என்று கேட்டது. அப்பா ஆகாயத்தில் இருந்தார். அம்மாவும் சின்னக்காவும் பெண்களோடு சுனைப் பக்கம். மீண்டும், "கோர்னியா!" நான் அத்தானின் ஆடையைப் பிடித்து இழுத்தேன். "கொஞ்சம் இரு மச்சினி, மாமா இப்பதான் வசமா மாட்டியிருக்காரு" என்றார். ஓடிப்போய் ஊஞ்சலுக்கு எதிரே நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். "சேட்டையா பண்ற? தள்ளு தள்ளு, மிதிச்சிருவேன்!" என்று அப்பாவின் பாதங்கள் என் மூக்கை உரசிப் போயின. பலிபீடத்தை நோக்கி ஓடினேன், காவலாள் கோடரி செருகிய பிரம்புக் கட்டைக் குறுக்கே நீட்டி, "பொண்ணுங்களுக்கு இங்க என்ன வேல?" என்று திருப்பிவிட்டான். வாய் முழுக்க வார்த்தை. திறந்தால் விழா பிழைக்கும், சின்னக்கா தலையில் விடியும். திறக்காவிட்டால் விழா கெடும், அதைக் கெடுக்க நினைத்தவளும் நானே. நான் நல்ல பிள்ளையாக இருந்த ஒரே நாளில் எனக்கு இப்படி. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை.

தட்டில் ஒரு பங்கு மிச்சம் என்று பூசாரி அறிவித்தார். ஓர் ஊர் பங்கு வாங்காவிட்டாலும் விழா செல்லாது. ஊஞ்சல் தானாக ஆடி ஆடி நின்றது. அப்பா இறங்கினார். அக்கா, அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சட்டென்று வயதாகிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு, வழக்கப்படி, எல்லோர் கண்ணும் என் மேல் திரும்பியது. "நீ என்னடி பண்ணித் தொலச்ச?" என்றார் அப்பா. நான் வாயைச் சுட்டிக்காட்டினேன், வானத்தைக் காட்டினேன், உப்புப் போடுகிற மாதிரி செய்து காட்டினேன். ஒருவருக்கும் புரியவில்லை. சுனையிலிருந்து ஓடிவந்த சின்னக்காவுக்கு மட்டும் புரிந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அத்தான் முன்னால் வந்தார். கான்சலுக்கு எதிரே போய் நின்று, "அவமேல தப்பு இல்லீங்க. அவ என் துணியப் புடிச்சி இழுத்தா. நாந்தான் சும்மா இருன்னேன். தலைவரைப் பேச்சுல புடிச்சி வச்சதும் நாந்தான்" என்றார். கான்சல் அவரை மேலும் கீழும் பார்த்து, என்ன அவ்வளவு பெரிய பேச்சு என்று கேட்டார். "ஒரு சொல்லு எங்க பொறந்துச்சுன்னு பேசிக்கிட்டிருந்தோம்." எந்தச் சொல் என்றார். "ஃபேரியாய், ஐயா."

கான்சலின் தாடை மட்டும் அசைந்தது. "அதப் பத்திப் பேசிப் பேசி, அதையே கெடுத்துட்டீங்க" என்றார். பின்னாலிருந்து யாரோ ஒருவர் க்ளுக்கென்று சிரித்தார். அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. சிரிப்பு ஊர் ஊராகப் பரவிக் கடைசியில் பூசாரியின் தொப்பியே ஆடியது. கான்சலுக்குச் சிரிக்க மனமில்லை, பாவம், அவருக்குப் போர் காத்திருக்கிறது. ஆனாலும் வாயோரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. விழா முழுவதும் மறுபடி, மே பிறந்து நாலைந்து நாளில். தப்புச் செய்த ஊரே வெள்ளைக் காளை தர வேண்டும். அதை இந்த எழுத்தர்தான் மலைக்குக் கயிறு பிடித்து ஓட்டிவர வேண்டும். தீர்ப்பு அவ்வளவுதான்.

மலையிலிருந்து இறங்கினோம். அப்பா தலை கவிழ்ந்தபடி முன்னால். அத்தான் அவருக்குப் பத்தடி பின்னால், பேசினால் மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில். தோப்பின் எல்லைக்கல்லைத் தாண்டி என் இரண்டு காலும் வெளியே விழுந்ததும், நான் காலையிலிருந்து அடைத்துவைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "ஏப்ரல்ல இன்னும் நாள் இருக்கு!" என்று கத்தினேன்.

யாருக்கும் இது தோன்றவேயில்லை அக்கா! அவமானத்தைத் தூக்கிச் சுமப்பதில் அவ்வளவு மும்முரம். அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்து விரல் மடக்கினார். ஆகாத நாள் இரண்டு போக, மே பிறந்தால் கல்யாணப் பேச்சே கிடையாது என்பதும் போக, நடுவில் சுத்தமாக ஒரு நல்ல நாள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்பா அத்தானைப் பார்த்தார். "மாப்பிள்ள, குறிலோ நெடிலோ, அன்னிக்கு வெச்சிக்கலாமா?" என்றார். சின்னக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எவ்வளவு நாள் அழுகையோ. நான் கேலி செய்யவில்லை. கொஞ்சம்தான் செய்தேன்.

வெசோனியா அம்மாள் மறுநாளே கழுதை வண்டியில் வந்து இறங்கினார். மலையில் மானம் போன குடும்பத்தில் சம்பந்தமா, விழாவைக் கெடுத்த வீட்டுப் பெண்ணா என்று வாசலிலேயே ஆரம்பித்தார். சின்னக்கா உள்ளே போய் அந்தக் கல்யாண ஆடையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "தறியிலேருந்து அறுத்துட்டேன் அத்தம்மா. திரும்ப நூலாக்க எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா ஆக்கிக் குடுங்க" என்றாள். அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார். எவ்வளவு தேடியும் குறை கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், "எங்க வீட்டு வாசப்படி உசரம். பொண்ணத் தூக்கிட்டு அதத் தாண்டறவனுக்கு மொதல்ல ஏதாச்சும் திங்கக் குடுங்க, இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எப்படித் தூக்குவான்?" என்றார். அம்மா அப்போதே ஆட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

கல்யாணத்தைப் பற்றி எழுதினால் இந்தச் சுருள் போதாது. மாலை மங்கும் நேரம், தீச்சுடர் நிற முக்காட்டில் சின்னக்கா நடக்க, முள்மரப் பந்தம் பிடித்து லனூவியம் வரை ஊர்வலம். கோர்னியா மொத்தமும் வந்தது. மொத்தம் என்றாலே உனக்குத் தெரியும். கேலிப்பாட்டு என் பொறுப்பு. மாப்பிள்ளை வாசலில் தயங்கி நின்றதும்,

"நெடிலா குறிலா என்றே நிற்கிறீர் வாசலிலே,
நெடுநேரம் ஆச்சு ஐயா, எங்கக்கா தெருவினிலே!"

என்று எடுத்துக் கொடுத்தேன். மற்ற அடிகளை உனக்கு நேரில்தான் பாட முடியும். அம்மா இதைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவாள். ஊர்வலத்தில் எல்லோரும் "தலாஸ்ஸியோ!" என்று வழக்கமான கல்யாணக் கூச்சல் போடும்போது, அந்தக் கூச்சல் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று அப்பா மெல்ல வாயெடுத்தார். அத்தான் தலை உடனே திரும்பியது. வெசோனியா அம்மாள் பையிலிருந்த வாதுமைக் கொட்டைகளை இருவர் மேலும் வாரி இறைத்து, "நடங்கடா ரெண்டு பேரும்!" என்றார். பிள்ளைகள் கொட்டை பொறுக்கத் தெருவில் விழ, அதில் நானும் விழ, அந்த அமளியில் அத்தான் சின்னக்காவைத் தூக்கி வாசற்படியைத் தாண்டிவிட்டார். தடுக்கினால் அபசகுனமாயிற்றே, கால் தடுக்கவில்லை அக்கா! ஓர் அங்குலம்கூடத் தடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று இரண்டாம் விழா. நம் வெள்ளைக் காளையை அத்தான் ஓட்டிப்போனார் என்பதைவிட, காளை அவரை இழுத்துப்போனது என்பதே சரி. இறைச்சி பங்கிடும்போது அப்பா பலிபீடத்துக்கு நான்கடி தூரத்தில், பேச்சுக் கொடுக்க வந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு விலக்கிக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே "இருக்கோம், இருக்கோம்!" என்று குரல் கொடுத்தபடி நின்றார். பங்கு வாங்கியாயிற்று. எல்லாம் சரியாக நடந்துவிட்டது. ஒரு தப்பும் இல்லை.

அதனால் நாளை மறுநாள் காலை கான்சல் கிளம்புகிறார். அத்தானும்.

சின்னக்கா அவருடைய கம்பளியை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். தன்னைப் பற்றி உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன்னு எழுது" என்றாள். வேறென்ன என்றேன். "அவருக்குக் குளிர் ஆகாது" என்றாள். அம்மா காய்ந்த அத்திப்பழம் ஒரு கூடை அனுப்புகிறாள். அது உன் மசக்கைக்கு. அத்தான் அதில் கை வைத்தால் தட்டு.

பெரியக்கா, இனி எழுதுவது விளையாட்டு இல்லை. அத்தான் எழுத்தர்தான், எழுதுகோலைத் தவிர வேறொன்றும் பிடிக்கத் தெரியாது. ஆனால் ஆள் குறைந்தால் எழுத்தரையும் முகாம் வேலியண்டை ஆயுதத்தோடு நிறுத்துவார்கள் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். சின்னக்கா காதில் அது விழவில்லை என்று நாங்கள் எல்லோரும் நடிக்கிறோம். விழவில்லை என்று அவளும் நடிக்கிறாள். படை தாராக்கோவில் தங்கும் நாளெல்லாம் அவரை உன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. முகாமில் கொம்பு ஊதுகிற சத்தம் எந்த நாளிலாவது ஆளைச் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி கேட்டால், அன்றைக்கு அவரிடம் ஏதாவது ஒரு சொல் எங்கே பிறந்தது என்று கேள். பருப்பு, பாய்மரம், மூக்கு, எதுவானாலும் சரி. உன் வீட்டு மாமாவை எதிர்க்கட்சியில் உட்காரவை. யார் எத்தனை தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. அதற்கு ஒரு மலையே சாட்சி. பேச்சு முடிகிற மாதிரி தெரிந்தால் அடுத்த சொல்லைப் போடு. சொற்கள் தீர்ந்துபோனால் எழுது. இங்கே சின்னக்காவும் நானும் உட்கார்ந்து பொறுக்கி அனுப்புகிறோம்.

உன் வயிற்றில் இருப்பது நல்லபடியாக வெளியே வரட்டும். பெண்ணாக இருந்தால் அவளுக்கென்று தனியாக ஒரு பெயர் வை.

இப்படிக்கு,
உன் ருப்ரியா, கடைசி.